ஓரிரு இடங்களில் உறைபனி

டிசம்பர், ஜனவரி மாதங்களில் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையில் ஒரு வரி அடிக்கடி வரும்: நீலகிரி, கொடைக்கானல் மலைப்பகுதிகளில் ஓரிரு இடங்களில் இரவு நேரத்தில் உறைபனிக்கு வாய்ப்பு. சமவெளியில் இருப்பவர்கள் அதைப் படித்துவிட்டு ஊட்டிக்குப் புறப்படத் திட்டமிடுவார்கள். உதகமண்டலத்தில் அறிவியல் நடத்தும் எனக்கு அது பாடத்துக்கான வரி. என் மாணவர்கள் பலருடைய வீடுகளில் கொஞ்சம் தேயிலையோ, கேரட்டோ, உருளைக்கிழங்கோ இருக்கிறது. ஓர் இரவு உறைபனியில் கொழுந்து கருகிவிடும். அந்த ‘ஓரிரு இடங்களில்’ தங்கள் தோட்டமும் உண்டா என்பதுதான் அவர்கள் கேள்வி.

முதலில் அந்தச் சொல்லையே விளக்க வேண்டியிருக்கிறது. ஓரிரு இடங்கள் என்றால் இரண்டே ஊர்கள் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அந்தப் பகுதியில் அதிகபட்சம் நான்கில் ஒரு பங்கு இடங்களில் என்பதே வானிலைத் துறையின் கணக்கு. எந்த இடம் என்று அறிக்கை சொல்லாது. அதைச் சொல்ல மாலை நேரத்து வானம் வேண்டும், நம் நிலத்தின் மேடு பள்ளம் தெரிய வேண்டும்.

இன்னொரு குழப்பம் நம் மொழியில் இருக்கிறது. புல்லில் நிற்கும் துளியும் பனி, சாலையை மறைப்பதும் பனி, இமயமலையில் கொட்டுவதும் பனி. உறைபனி மேலிருந்து விழுவதில்லை. நிலத்தை ஒட்டிய காற்றில் உள்ள நீராவி, உறைநிலைக்கும் கீழே குளிர்ந்துவிட்ட புல்லின்மேல் நீராகாமல் நேரே பனிக்கட்டியாகப் படிகிறது. நாளிதழ்களில் ‘உறைபனிப் பொழிவு’ என்று படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிவப்புப் பேனா தேடத் தோன்றும்.

ஒன்பதாம் வகுப்பில் வளிமண்டலப் பாடம் வரும்போது மேக வகைகளைப் படம் வரைந்து, பெயர் எழுதி முடித்துவிடுகிறோம். கீற்று, திரள், படை என்று வடிவத்தை வைத்துப் பிரிக்கும் முறையை 1802இல் முன்வைத்தவர் லண்டனைச் சேர்ந்த லூக் ஹோவர்ட். அவர் தொழில்முறை வானிலையாளர் அல்லர், மருந்து தயாரிப்பவர். வானத்தை விடாமல் பார்த்தவர், அவ்வளவே. இந்தச் செய்தி பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது.

“மேகமே இல்ல சார், இன்னைக்கு ராத்திரி குளிராது” என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இந்தப் பாடம் நகர்ந்ததில்லை. பகலில் மேகம் வெயிலை மறைத்தால் குளிர்கிறது. ஆகவே மேகம் என்றால் குளிர் என்பது அவர்கள் கணக்கு. இரவில் அது தலைகீழ். பகலில் வாங்கிய வெப்பத்தை நிலம் இரவு முழுவதும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. மேகம் இருந்தால் அதில் பெரும்பகுதியை உறிஞ்சி, மீண்டும் நிலத்தின் பக்கம் அனுப்பும். மேகமற்ற, வறண்ட, காற்று அசையாத இரவில் அந்த வெப்பம் தடையின்றிப் போய்விடும். கம்பளி இல்லாமல் படுத்த கதைதான்.

எல்லா மேகமும் ஒரே கம்பளி அல்ல. தாழ்வான படை மேகமும் படைத்திரளும் நன்றாகப் போர்த்தும். கீற்று மேகம் மிக உயரத்தில் பனித்துகள்களால் ஆன மெல்லிய இழை. அதை மட்டும் நம்பி நாற்றை மூடாமல் விடக்கூடாது. ஏமாற்றுவது திரள் மேகம். பிற்பகல் மூன்று மணிக்குப் பஞ்சுப் பொதிபோல் நிறைந்திருக்கும். அவற்றை வளர்ப்பது வெயிலில் சூடாகி மேலெழும் காற்று. வெயில் சாய்ந்ததும் பெரும்பாலும் கரைந்துவிடும், இரவு வானம் துடைத்ததுபோல் ஆகிவிடும். அதனால் வானத்தைப் பள்ளி விடும் நேரத்தில் ஒரு தடவை, இருட்டும் முன் வீட்டிலிருந்து ஒரு தடவை பார்க்கச் சொல்கிறேன். வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் இருக்கும் நாட்களில் கார்படை மேகம் சாரலாகத் தூறிக்கொண்டிருக்கும். நடுங்கினாலும் உறைபனி வராது. அது விலகி, வறண்ட காற்று வீசி, வானம் வெளுத்தபின் வரும் இரவுகளைத்தான் கவனிக்க வேண்டும்.

மூடுபனியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம். மேட்டுப்பாளையத்துப் பிள்ளைகள் மலையைத் தொடும் படை மேகம் என்று வரைவது, பல நாட்களில் நாங்கள் நடந்து போகும் மூடுபனிதான்.

அறிக்கையில் குறைந்தபட்ச வெப்பநிலை 3 டிகிரி என்று இருக்கும். காலையில் புல்வெளி வெள்ளையாக இருக்கும். அறிக்கை பொய் என்று பிள்ளைகள் சொல்வார்கள். வெப்பமானி, தரையிலிருந்து சுமார் ஒன்றேகால் மீட்டர் உயரத்தில், காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள் இருக்கிறது. அமைதியான இரவில் புல்லின் நுனி அதைவிடச் சில டிகிரி குளிர்ந்திருக்கும். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் ஆகிய பெயர்களே ஆண்டுதோறும் செய்தியில் வருவது இதனால்தான்.

எங்கள் பதிவேட்டில் ஐந்தே கட்டங்கள்: வானத்தை எட்டுப் பங்காக்கினால் மேகம் எத்தனை பங்கு, என்ன வகை, இலை அசைகிறதா, அறிக்கை என்ன சொன்னது, மறுநாள் காலை புல்லில் என்ன இருந்தது. ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுக்கு எழுத வேண்டும். ஒரே மாலை, ஒரே அறிக்கை. மேட்டு வீட்டுப் பிள்ளை ‘ஈரம்’ என்றும், ஓடைக்கரைப் பிள்ளை ‘வெள்ளை’ என்றும் எழுதி வருகிறார்கள். ஓடைக்கரையில் தோட்டம் உள்ள ஒரு மாணவி, மேகமில்லாத மாலைகளில் நாற்றை மூடும்படி வீட்டில் தானே சொல்லிவிடுவதாகக் கூறினாள். இங்கே கோத்தகிரி மிலார் செடியை வெட்டி மூடுவது பழைய வழக்கம். அதுவும் ஒரு செயற்கை மேகம்தான்.

சமவெளிப் பள்ளிகளில் உறைபனிக்கு வழியில்லை. ஆனால் மார்கழியிலும் தையிலும் பனித்துளி உண்டு. இரவில் ஒரு எவர்சில்வர் தட்டைத் திறந்தவெளியிலும் இன்னொன்றை அடர்ந்த மரத்தடியிலும் வைக்கச் சொல்லுங்கள். தெளிந்த, காற்றில்லாத இரவாக இருக்கட்டும். விடிந்ததும் எந்தத் தட்டு நனைந்திருக்கிறது என்று விரலால் தொட்டுப் பார்க்கட்டும். எங்கள் பிள்ளைகள் அடுத்து வைத்திருக்கும் கேள்வி, நிறுத்திவைத்த காரின் கூரை வெளுத்திருக்கும்போது கதவு ஏன் கறுப்பாகவே இருக்கிறது என்பது. கதவுக்குத் தெரியும் வானம் எவ்வளவு என்று அளந்துகொண்டிருக்கிறோம்.