'பராமரிப்பு நடக்கிறது' என்று திரையில் வந்தால் உங்கள் உரிமை என்ன?

2022 ஏப்ரல் 5 அன்று ஆஸ்திரேலியாவின் அட்லாசியன் சாஃப்ட்வேர் நிறுவனம் வழக்கமான பராமரிப்பு வேலை ஒன்றில் இறங்கியது. வாடிக்கையாளர்களின் தளங்களில் கிடந்த ஒரு பழைய துணைச் செயலியை மட்டும் நீக்க வேண்டும். வேலையைக் கேட்ட குழுவுக்கும் செய்த குழுவுக்கும் இடையே தகவல் சரியாகப் போய்ச் சேரவில்லை. செயலியின் அடையாள எண் இருக்க வேண்டிய இடத்தில் முழுத் தளத்தின் எண் போய்விட்டது. போதாக்குறைக்கு, நிரந்தரமாக அழிக்கும் முறையில் ஸ்கிரிப்டை ஓட்டிவிட்டார்கள். 23 நிமிடங்களில் 883 தளங்கள் காணாமல் போயின. 775 வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். கடைசித் தளம் மீண்டு வர 14 நாள் பிடித்தது.

பேக்கப் இல்லாமல் இல்லை. ஆனால் பலருக்கும் பொதுவான சர்வரில் இருந்து சில நூறு பேரின் தரவை மட்டும் தனியே எடுத்து மீட்க ஆயத்தமான வழி அவர்களிடம் இல்லை. தளத்தோடு வாடிக்கையாளரின் தொடர்பு விவரமும் அழிந்தது. சப்போர்ட்டில் புகார் பதியத் தள முகவரி வேண்டும். அந்தத் தளமே இல்லையே! யாரைக் கூப்பிட்டுச் சொல்வது என்று நிறுவனத்துக்கும் தெரியவில்லை, எங்கே முறையிடுவது என்று வாடிக்கையாளருக்கும் தெரியவில்லை.

இன்று ஜவுளிக்கடை பில்லிங், கிளினிக் டோக்கன், பள்ளிக் கட்டணம் எல்லாமே கிளவுட் சாஃப்ட்வேரில் ஓடுகின்றன. அப்டேட் கட்டாயம் வேண்டும். பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க வேறு வழியில்லை. ஆனால் அதை எந்த நாளில், எத்தனை மணிக்குச் செய்வது என்பதை விற்பவரே முடிவு செய்கிறார். அதில் உங்களுக்கும் ஒரு சொல் இருக்க வேண்டும். அதற்கான இடம் ஒப்பந்தம்தான்.

'99.9 சதவீதம் இயங்கும்' என்ற உறுதிமொழியை எல்லோரும் பார்க்கிறார்கள். கணக்குப்படி, 30 நாள் மாதத்தில் அதிகபட்சம் 43 நிமிடம்தான் நிற்கலாம். கீழே சிறிய எழுத்தில் 'முன்கூட்டியே அறிவித்த பராமரிப்பு நேரம் இதில் சேராது' என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். அப்படியானால் முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு ஆறு மணி நேரம் நிறுத்தினாலும் உறுதிமொழி மீறப்படவில்லை! மாதத்துக்கு இத்தனை மணி நேரத்துக்கு மேல் பராமரிப்பு கூடாது என்ற உச்சவரம்பை எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுப்பவரிடம் கடையின் கணக்கை ஒப்படைக்காதீர்கள் என்பதே என் அபிப்பிராயம்.

முன்னறிவிப்பு எத்தனை நாள், எந்த ஊர் நேரம் என்பதையும் பாருங்கள். கலிஃபோர்னியாவில் சனிக்கிழமை இரவு 10 மணி என்றால் நமக்கு ஞாயிறு காலை 10.30, அவர்களின் குளிர்காலத்தில் 11.30. அவர்களுக்கு ஆள் நடமாட்டம் இல்லாத வேளை, நமக்கு வியாபாரம் சூடுபிடிக்கும் வேளை. தீபாவளிக்கு முந்தைய வாரங்களிலும், ஜிஎஸ்டி ரிட்டர்ன் கெடு நெருங்கும் நாட்களிலும் அப்டேட் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வையுங்கள்.

ஜிஎஸ்டி விஷயத்தில் ஒரு வேறுபாடு முக்கியம். 2025 ஜனவரியில் ஜிஎஸ்டி இணையதளமே முடங்கியபோது, 11-ஆம் தேதி முடிய வேண்டிய ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்ன் கெடுவை அரசு 13-ஆம் தேதிக்குத் தள்ளிவைத்தது. உங்கள் பில்லிங் சாஃப்ட்வேர் படுத்துக்கொண்டால் அந்தச் சலுகை கிடையாது. ஆண்டு ரிட்டர்னுக்கான கெடு தேதியில் இருந்து 72 மாதங்கள் கணக்கைப் பாதுகாக்கும் கடமையும் உங்கள் தலையில்தான். எனவே மாதம் ஒருமுறையாவது எல்லா பில்களையும் உங்கள் கம்ப்யூட்டருக்கு இறக்கி, கோப்பு திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சப்போர்ட் எண்ணையும் சந்தா ரசீதையும் சாஃப்ட்வேருக்கு வெளியே வையுங்கள்.

பாதிப்பு வந்துவிட்டால், நின்ற நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, உடனே மின்னஞ்சலில் புகார் அனுப்புங்கள். போனில் சொன்னதற்குச் சாட்சி இருக்காது. சந்தாவில் கழிவு பல இடங்களில் தானாக வராது; கேட்டால்தான் வரும், அதற்கும் கெடு உண்டு. கூகுள் வொர்க்ஸ்பேஸ் 30 நாள் தருகிறது. ஒப்பந்த மீறலால் நேரும் நஷ்டத்துக்கு ஈடு கேட்க 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் நஷ்ட ஈட்டுக்கு உச்சவரம்பும், வழக்கு வெளிநாட்டு நீதிமன்றத்தில்தான் என்ற நிபந்தனையும் ஒப்பந்தத்தில் இருந்தால் கை கட்டப்படும்.

சொந்த உபயோகத்துக்குச் சந்தா கட்டியவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் போகலாம். வியாபாரத்துக்காக வாங்கிய சேவையை நுகர்வோர் சட்டம் பொதுவாக ஏற்பதில்லை. பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்கு விலக்கு உண்டு. ஆனால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தில் அந்த விலக்கைத் தரும் விளக்கம் பொருள்களை மட்டுமே குறிப்பிடுகிறது, சேவைகளை அல்ல. எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்ளும். சிறு கடைக்காரர்கள் மனு போடும் முன் வழக்கறிஞரிடம் இதைக் கேட்டுக்கொள்வது நல்லது.