நெஞ்சில் கட்டும் நீருக்கு எத்தனை முறை கடல் கடப்பது?

தைரொயிட் புற்றுநோய் வந்தவரை 'பயப்பட ஒன்றுமில்லை, இது சுகமாகிற வகை' என்று தேற்றுவது வழக்கம். பெரும்பாலும் அது உண்மையும்கூட. இலங்கைப் பெண்களிடையே மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்தபடியாக அதிகம் காணப்படுவது இதுதான். சுரப்பியை அகற்றி, தேவையானால் கதிரியக்க அயடீனும் கொடுத்தபின் பெரும்பாலோர் பல்லாண்டு வாழ்கிறார்கள். சிலருக்கு மட்டும், ஒப்பரேஷன் முடிந்து பல வருடம் கழித்துக்கூட, நோய் நுரையீரலில் தலைகாட்டும். மிகப் பரவலான பப்பிலரி வகையில் நூற்றில் ஒருவருக்கும் குறைவானோருக்கு அது நுரையீரலைச் சுற்றி நீராகவும் கட்டும். நுரையீரலைப் போர்த்திய சவ்வுக்கும் நெஞ்சுச் சுவரின் உட்சவ்வுக்கும் இடையே மூன்று நான்கு தேக்கரண்டி நீர் எவருக்கும் உண்டு. அது ஓயாமல் ஊறும், நிணநீர் நாளங்கள் வழியே ஓயாமல் வடியும். புற்றுநோய்க் கலங்கள் வடிகாலை அடைத்து, குருதிக் குழாய்களையும் கசியவைத்துவிட்டால் அதே இடத்தில் லீற்றர் கணக்கில் நீர் சேர்ந்துவிடும். நுரையீரல் விரிய இடமின்றி ஒடுங்கும். நோயாளி மல்லாந்து படுக்கமுடியாமல் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருப்பார்.

யாழ்ப்பாணத் தீவுகளான நெடுந்தீவிலோ நயினாதீவிலோ ஒருவர் இப்படி மூச்சு முட்டி வந்தால், நம் நாட்டில் முதலில் கயரோகத்தைச் சந்தேகிப்பதில் தவறில்லை. சிக்கல் என்னவென்றால், இரண்டு நோயிலும் வரும் நீர் பார்வைக்கு மட்டுமல்ல, ஆய்வுகூடத்திலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கக்கூடும்: புரதம் மிகுந்திருக்கும், லிம்போசைட் கலங்கள் நிறைந்திருக்கும். நுணுக்குக்காட்டியில் புற்றுநோய்க் கலங்களைத் தேடினாலும் பத்தில் நான்கு பேரளவில் முதல் தடவை தப்பிவிடும். அகப்பட்டாலும் வேலை முடிவதில்லை. டி.டி.எஃப்-1 என்ற சாயச் சோதனை நுரையீரல் புற்றுக்கும் தைரொயிட் புற்றுக்கும் ஒரேபோல் நிறம் காட்டும். இரண்டையும் பிரித்தறிய தைரோகுளோபுலின், பக்ஸ்-8 ஆகிய சோதனைகளும் வேண்டும். கழுத்தில் முன்பு ஒப்பரேஷன் நடந்தது என்று யாராவது சொன்னால்தான் அவற்றைச் செய்யவேண்டும் என்ற எண்ணம் நோயியல் நிபுணருக்கு எழும். பதினைந்து வருடத்துக்கு முந்திய கழுத்துக் கழலைக்கும் இன்றைய மூச்சுத்திணறலுக்கும் தொடர்பிருக்கும் என்று வீட்டாருக்குத் தோன்றுவதில்லை.

நோய் இன்னதென்று தெரிந்தபின் எழும், நீரை எப்படி அகற்றுவது என்ற கேள்வியில்தான் தீவுகளின் நிலவரம் குறுக்கிடுகிறது. ஊசி போட்டு நீரை எடுத்தால் உடனே ஆறுதல் கிடைக்கும். ஆனால் ஒரே தடவையில் ஒன்றரை லீற்றருக்குமேல் எடுப்பது ஆபத்து, எடுத்த நீரும் பலருக்குச் சில வாரங்களில் திரும்பிவிடும். ஊர்காவற்றுறைக்காரருக்குப் பண்ணைப் பாலம் உண்டு, வாகனம் பிடித்துப் போய் வரலாம். நெடுந்தீவார் சுமார் ஒரு மணிநேரம் படகில் குறிகட்டுவானுக்கு வந்து, அங்கிருந்து பஸ்ஸில் யாழ்ப்பாணமோ, தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையோ போகவேண்டும். காற்றுக் கிளம்பினால் படகு ஓடாது. நீர் திரும்பாமல் தடுக்க டால்க் பவுடரை உள்ளே செலுத்திச் சவ்வுகளை ஒட்டவைப்பது பழைய முறை. நெஞ்சில் ஒரு மெல்லிய குழாயை நிலையாகப் பொருத்தி, வீட்டிலேயே போத்தலில் வடிப்பது புதிய முறை. பிரித்தானியாவில் 106 நோயாளிகளிடம் நடந்து 2012 இல் வெளிவந்த ஆய்வில் மூச்சுத்திணறலைக் குறைப்பதில் இரண்டும் சமமாகவே இருந்தன. அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, சிங்கப்பூர், ஹொங்கொங் ஆகிய இடங்களில் 146 பேரிடம் நடந்த 2017 ஆய்வில், குழாய் பொருத்தியவர்கள் வைத்தியசாலையில் கழித்தது 10 நாள், டால்க் பெற்றவர்கள் 12 நாள். நகரவாசிக்கு இந்த இரண்டு நாள் பெரிதாகத் தெரியாது. பலன் சமமாயிருக்கும்போது தீவுவாசிக்கு எது கடற்பயணத்தைக் குறைக்கிறதோ அதையே முதலில் யோசிக்கவேண்டும் என்பது என் வாதம். நீரை எடுத்தபின்னும் நுரையீரல் விரிய மறுப்பவர்களுக்கு டால்க் எப்படியும் பலிக்காது.

குழாய் வழியே கிருமி தொற்றாதா என்று கேட்கலாம். தொற்றும், ஆய்வுகளில் ஏறக்குறைய நூற்றில் ஐவருக்குத் தொற்றியது, அவர்களில் பலருக்குக் குழாயைக் கழற்றாமலே மருந்தால் குணமானது. கிணற்றடியில் குளிக்கும் வீட்டில் இந்தக் கணக்கு மாறக்கூடும் என்பதையும் மறுக்கமுடியாது. ஆகவே தீவு வைத்தியசாலையில் குழாயைக் கையாளப் பழகிய ஒரு தாதியாவது இருக்கவேண்டும், போத்தலும் தட்டுப்பாடின்றிக் கிடைக்கவேண்டும். நீரை விட்டு நோயின் மூலத்தையல்லவா தாக்கவேண்டும் என்பது இன்னொரு கேள்வி. கதிரியக்க அயடீன், கலங்கள் அயடீனை உறிஞ்சினால்தான் வேலைசெய்யும், பலன் தெரிய மாதங்கள் செல்லும். சொராஃபெனிப், லென்வாட்டினிப் மாத்திரைகள் நோயை மந்தப்படுத்தும், விலையோ எட்டாதது. மூச்சு அதுவரை பொறுத்திருக்காது. இவ்வளவு அரிதான சிக்கலுக்கு இத்தனை ஏற்பாடா என்பாருக்கும் பதில் உண்டு: மார்பகப் புற்றும் நுரையீரல் புற்றும் இதே நீரை இதைவிடப் பல மடங்கு அதிகமானோருக்குக் கட்டுகின்றன. ஒருவருக்காகப் பழகிய தாதியின் கை அவர்கள் எல்லோருக்கும் உதவும்.

வைத்தியசாலைகள் செய்யவேண்டியது அது. கழுத்தில் ஒப்பரேஷன் செய்துகொண்டவர்கள் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. அந்தத் திசுப் பரிசோதனை அறிக்கையைத் தேடியெடுத்துக் கிளினிக் கொப்பிக்குள் வையுங்கள். நெஞ்சு நீர் எடுக்கும் நாள் வந்தால், டொக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே எடுத்துக் காட்டுங்கள்.