போருக்குப் பின் பனிமலைப் போட்டி

1936-ஆம் ஆண்டு ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நடைபெற்ற பனிக்கால ஒலிம்பிக்கிற்குப் பின், பன்னிரண்டு ஆண்டுகள் உலகம் அத்தகையதொரு விழாவைக் காணவில்லை. 1940-ஆம் ஆண்டுப் போட்டி முதலில் ஜப்பானின் சப்போரோ நகருக்கென ஒதுக்கப்பட்டது. பின்னர் இடம் மாறிற்று. இறுதியில் போர் அதனை விழுங்கிவிட்டது. 1944-இல் இத்தாலியின் கோர்த்தினாவில் நடைபெறவிருந்ததும் நின்றுபோயிற்று.

துப்பாக்கிகள் ஓய்ந்தபின் போட்டியை எங்கு நடத்துவது? போரில் நடுநிலை வகித்த சுவிட்சர்லாந்தே தகுதியான இடமெனக் கருதப்பட்டது. அந்நாட்டின் சாங்க்ட் மோரிட்ஸ் என்னும் மலையூர் 1928-லேயே ஒலிம்பிக்கை நடத்திய ஊர். அங்கு 1948 சனவரி 30 அன்று 28 நாடுகளின் வீரர்கள் கூடினர். அதே நாளில்தான் தில்லியில் நம் காந்தியடிகள் சுட்டுக் கொல்லப்பட்டார் என்பதை நாம் எங்ஙனம் மறப்போம்?

அங்கு வந்தவர்களுள் நம் உள்ளத்தைத் தொடுபவர் நார்வே நாட்டின் பீர்கர் ரூட். பனிச்சறுக்கில் ஓடிவந்து உயரத்திலிருந்து பாயும் போட்டியில் 1932-லும் 1936-லும் தங்கம் வென்றவர் இவர். 1940-இல் நாசிப் படை நார்வேயைக் கைப்பற்றியபோது, அந்நாட்டு விளையாட்டு வீரர்கள் ஆக்கிரமிப்பாளர் நடத்திய போட்டிகளில் கலந்துகொள்ள மறுத்தனர். ரூட்டும் மறுத்தார். ஆஸ்லோ நகருக்கு அருகிலிருந்த கிரினி சிறைமுகாமில் அடைக்கப்பட்டார். போர் முடிந்து, 1948-இல் இளைஞர்களுக்குப் பயிற்சியாளராகவே சாங்க்ட் மோரிட்ஸுக்கு வந்தார். வானிலை மோசமாயிருக்கக் கண்டு, அனுபவம் குறைந்த ஓர் இளைஞருக்குப் பதிலாகத் தாமே களமிறங்கினார். வயது 36. வெள்ளிப் பதக்கம் பெற்றார். தங்கமும் வெண்கலமும்கூட நார்வேக்கே சென்றன.

ஜெர்மனிக்கும் ஜப்பானுக்கும் அழைப்பு இல்லை. இத்தாலி அழைக்கப்பட்டது, அந்நாட்டின் நீனோ பிபியா, தலை முன்னாகக் குப்புறப் படுத்துப் பாயும் சறுக்குவண்டிப் போட்டியில், பனிக்கால ஒலிம்பிக்கில் இத்தாலியின் முதல் தங்கத்தை வென்றார். ஜெர்மனியை விலக்கியது சரியா? பிணங்களை அடக்கம் செய்து முடித்து மூன்றாண்டுகளே ஆகியிருந்த மக்களை நோக்கி, உடனே கைகுலுக்குங்கள் என்று சொல்ல நமக்குத் துணிவில்லை. மன்னிப்பு கட்டளைதான், ஆயினும் காயம் ஆறுவதற்குக் காலம் வேண்டும் என்பதைப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமரும் எந்தக் குருவும் அறிவார். அதே வேளையில், போர் தொடங்கியபோது பள்ளிச் சிறுவனாயிருந்த ஜெர்மானிய இளைஞன் செய்த குற்றம் யாது என்ற கேள்வியையும் நம்மால் ஒதுக்க இயலவில்லை.

பனித்தரை ஹாக்கியில் கனடாவும் செக்கோஸ்லோவாக்கியாவும் கோலின்றிச் சமநிலையில் முடித்தன. கோல் விகிதத்தால் கனடா தங்கம் பெற்றது. வெள்ளி பெற்ற செக் வீரர்கள் ஊர் திரும்பிய அதே மாதத்தில், அவர்கள் நாட்டின் ஆட்சி கம்யூனிஸ்டுகளின் கைக்குச் சென்றது. 1950 மார்ச்சில், உலகப் போட்டிக்கு இலண்டன் செல்லவிருந்த அணியினர் பலர் கைது செய்யப்பட்டனர். கோல்காப்பாளர் போஹுமில் மோத்ரிக்குப் பதினைந்து ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. விடுதலை பெற்றும் நெடுநாள் வாழாது 1963-இல் இறந்தார். அவர்கள் கைதான மறுமாதமே, 1950 ஏப்ரலில், அந்நாட்டின் ஆண்துறவியர் மடங்களும் ஒரே இரவில் முற்றுகையிடப்பட்டு, துறவியர் வண்டிகளில் ஏற்றிச் செல்லப்பட்டனர்.

1952 பிப்ரவரியில் அடுத்த பனிக்கால ஒலிம்பிக் நடைபெற்றது. இடம் ஆஸ்லோ. ஐந்தாண்டுகள் ஜெர்மானியரின் காலணிக்கீழ் இருந்த அதே தலைநகரம். கிரினி முகாம் அங்கிருந்து சிறிது தொலைவே. நார்வே மக்களுள் பலருக்கு அது கசப்பாகவே இருந்தது. எனினும் ஜப்பானும் மேற்கு ஜெர்மனியும் அங்கு வந்து சேர்ந்தன. இருவர் அமரும் சறுக்குவண்டியிலும் நால்வர் அமரும் சறுக்குவண்டியிலும், அந்த ஆஸ்லோவிலேயே, ஜெர்மானியர் தங்கம் பெற்றனர்.