கட்டளையால் வருமா ஒற்றுமை?

நாட்டு ஒற்றுமை வேண்டாம் என்று சொல்லும் ஆட்சியாளர் எவரும் உலகில் இல்லை. மேடைதோறும் அதைப் பேசுவார்கள். பள்ளிப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி உறுதிமொழி சொல்ல வைப்பார்கள். அரசு முத்திரையிலும் பொறித்துக் கொள்வார்கள். நாம் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: எந்த ஒற்றுமை? பங்கு கேட்பவன் வாயைப் பொத்திக் கொண்டிருப்பதற்குப் பெயர் ஒற்றுமையா? உரிய பங்கு உரியவனுக்குப் போய்ச் சேர, அவன் மனம் நிறைந்து "இது என் நாடு" என்று சொல்வதற்குப் பெயர் ஒற்றுமையா?

இந்தக் கேள்விக்கு ஏட்டில் விடை தேட வேண்டியதில்லை. குருதியும் கண்ணீரும் விலையாகத் தந்து விடை கண்ட நாடு ஒன்று கிழக்கு ஆப்பிரிக்காவில் இருக்கிறது. அந்நாட்டின் பெயர் கென்யா.

அங்கே நாற்பதுக்கும் மேற்பட்ட இனக்குழுக்கள். கிக்குயு, லூயா, கலேஞ்சின், லுவோ, கம்பா, சோமாலி, மாசாய், துர்க்கானா என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு மொழி, ஒரு மரபு. எந்த ஓர் இனமும் தனித்துப் பெரும்பான்மை அல்ல. அரசு முத்திரையிலோ "ஹராம்பே" என்ற சொல். எல்லாரும் சேர்ந்து இழுப்போம் என்பது அதன் பொருள். நல்ல சொல்தான். ஆனால் வண்டியை இழுப்பவர் யார், வண்டியில் ஏறி உட்கார்ந்திருப்பவர் யார் என்று கேட்க வேண்டாமா? கேட்டார்கள். கேட்டவர்களை "இனவெறியர்" என்றார்கள். "நாட்டைப் பிளப்பவர்" என்றார்கள்.

ஆப்பிரிக்கர் என்றாலே இனச்சண்டைக்காரர், அது அவர்கள் இரத்தத்தில் ஊறியது என்று எழுதும் மேதாவிகள் உண்டு. அவர்கள் வரலாற்றைப் புரட்டிப் பார்க்க வேண்டும். அண்டை இனங்களுக்குள்ளே கால்நடைக்காகப் பூசல் இருந்தது. வாணிபமும் இருந்தது, கொண்டு கொடுத்த உறவும் இருந்தது. வெள்ளையன் வந்தான். செழிப்பான மேட்டு நிலங்களை "வெள்ளையர் மேட்டுநிலம்" என்று வளைத்துக்கொண்டான். மண்ணின் மக்களை இனவாரியாகப் பிரித்து ஒதுக்கிடங்களில் அடைத்தான். வேலைக்குப் போகும் ஆப்பிரிக்கன் ஒவ்வொருவனும் "கிப்பாண்டே" என்ற அடையாளச் சீட்டை உலோகக் கூட்டில் இட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும் என்றான். விடுதலைக் கிளர்ச்சி மூண்ட பிறகு, 1955-இல் ஆப்பிரிக்கர் அரசியல் அமைப்பு தொடங்க இசைவு தந்தான். அதிலும் ஒரு தந்திரம். மாவட்ட அளவில் மட்டுமே அமைப்பு இருக்கலாம், நாடு தழுவிய கட்சி கூடாது என்பது நிபந்தனை. மாவட்டமோ இனவாரியாக வகுக்கப்பட்டது. அப்படியானால் அங்கே முளைக்கும் கட்சி எப்படி இருக்கும்? விதையை ஊன்றியவன் அவன். விளைந்ததைப் பார்த்து "காட்டுமிராண்டிகள்" என்று கைகொட்டிச் சிரித்தவனும் அவனே!

1963 டிசம்பர் 12-இல் விடுதலை வந்தது. வட்டாரங்களுக்குத் தனிச் சட்டமன்றமும் அதிகாரமும் தரும் அரசமைப்போடு வந்தது. பெரிய இனங்கள் தங்களை விழுங்கிவிடுமோ என்று அஞ்சிய சிறுபான்மை இனங்களின் கட்சி கேட்டுப் பெற்ற ஏற்பாடு அது. ஜோமோ கென்யாட்டாவின் அரசு அதை ஓராண்டுகூட உருப்படியாக நடக்க விடவில்லை. 1964-இல் குடியரசு ஆனபோதே வட்டார அதிகாரங்களைப் பறிக்கும் வேலை தொடங்கிவிட்டது. காரணம் என்ன சொன்னார்கள்? நாட்டு ஒற்றுமை! எல்லா அதிகாரமும் நைரோபியில் குவிந்தால்தான் நாடு ஒன்றாக இருக்குமாம்.

குவிந்தது. நாடு ஒன்றாயிற்றா?

வெள்ளையன் விட்டுச் சென்ற நிலம், இழந்தவனுக்குத் திரும்பவில்லை. பணம் படைத்தவனுக்கும் பதவியில் இருப்பவனுக்கு வேண்டியவனுக்கும் பெருமளவில் போய்ச் சேர்ந்தது. 1965-இல் அரசு ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டது. மழையும் வளமும் சாலையும் உள்ள பகுதிகளில் முதலீடு செய்வதே நாட்டுக்கு ஆதாயம் என்றது அது. கணக்குப் பார்த்தால் சரிபோலத் தோன்றும். மழையில்லாத வடக்கில் வாழும் சோமாலிக்கும் துர்க்கானாவுக்கும் அதன் பொருள் என்ன? "நீ காத்திரு" என்பதுதான் பொருள். அரை நூற்றாண்டு காத்திருந்தார்கள். வடகிழக்கு மாநிலத்தில் நெருக்கடிநிலைச் சட்டம் 1991 வரை நீடித்தது. 1984 பிப்ரவரியில் வஜீர் நகரருகே வகல்லா விமானத் திடலில் ஆண்களைக் கூட்டி அடைத்து, படையினர் படுகொலை செய்தனர். பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் போய்ச் சேராத இடத்துக்கு அரசின் துப்பாக்கி மட்டும் தவறாமல் போய்ச் சேர்ந்தது!

1969 ஜூலை 5-இல் லுவோ இனத்தில் பிறந்து, இன எல்லைகளைக் கடந்து செல்வாக்குப் பெற்ற தொழிற்சங்கத் தலைவரும் அமைச்சருமான டாம் எம்போயா நைரோபித் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு அக்டோபரில் கிசுமு நகரில் கூட்டத்தின்மீது துப்பாக்கிச் சூடு. எதிர்க்கட்சி தடை செய்யப்பட்டது; அதன் தலைவர் ஒகிங்கா ஒடிங்கா சிறைக் காவலில். கேள்வி கேட்க ஆளில்லை. ஒற்றுமை நிலைநாட்டப்பட்டதாக அறிவித்தார்கள்.

இன்னொரு விந்தையையும் கேளுங்கள். 1963-இல் வட்டார அதிகாரம் கேட்ட கட்சியின் தலைவர்களுள் ஒருவர் டேனியல் மோய். 1978-இல் அவரே குடியரசுத் தலைவரானார். அதிகாரத்தைப் பகிர்ந்தாரா? இல்லை. 1982-இல் ஒரு கட்சி ஆட்சியைச் சட்டமாக்கி, இருந்த அதிகாரத்தையும் இறுகக் கட்டிக்கொண்டார். ஆள் மாறினால் போதும், அமைப்பு மாற வேண்டாம் என்று எண்ணுவோருக்கு இதைவிடப் பாடம் வேறு வேண்டுமா? விடுதலை பெற்ற நாள்முதல் கென்யாவுக்குக் குடியரசுத் தலைவராக வந்தவர் ஐவர். மூவர் கிக்குயு, இருவர் கலேஞ்சின். நாற்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் வாழும் நாட்டில் இரண்டே இனங்களுக்குத்தான் அந்த நாற்காலி! 2011-இல் வெளியான அரசுப் பணிக் கணக்கெடுப்பிலும், ஏறத்தாழப் பத்தில் நான்கு இடங்கள் அந்த இரண்டு இனத்தாரிடமே இருந்தன. நாற்காலி எவனுக்கோ, நன்மை அவன் இனத்துக்கு என்ற எண்ணம் பாமரன் நெஞ்சில் ஏன் வேரூன்றாது?

அதனால்தான் தேர்தல் அங்கே போராக மாறியது. 1992, 1997 தேர்தல்களை ஒட்டி வெட்டும் தீயும். 2007 டிசம்பர் 27 தேர்தலின் முடிவில் மோசடி என்ற குற்றச்சாட்டு எழுந்ததும் நாடே பற்றி எரிந்தது. 2008 புத்தாண்டு நாளன்று எல்டோரெட் அருகே கியம்பா என்ற சிற்றூரில், தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்த கிக்குயு இனப் பெண்களும் குழந்தைகளும் உயிரோடு கொளுத்தப்பட்டனர். அதே மாதம் நைவாஷாவில் லுவோ குடும்பத்தினர் ஒரு வீட்டுக்குள் தீக்கிரையாயினர். இருபுறத்துத் தாய்மாரின் ஒப்பாரியும் ஒன்றுதான். 1,133 பேர் மாண்டதாக விசாரணை ஆணையம் கணக்கிட்டது. வீடிழந்து விரட்டப்பட்டவர் பல இலட்சம்.

பிறகு நடந்தது என்ன? 2007-இல் எதிரெதிர் அணியில் நின்ற உகுரு கென்யாட்டாவும் வில்லியம் ரூட்டோவும் 2013-இல் கைகோத்துத் தேர்தலில் வென்றார்கள். உகுருவும் ரைலா ஒடிங்காவும் 2018-இல் கைகுலுக்கிக் கொண்டார்கள். தலைவர்கள் கூடுவதும் பிரிவதும் அவர்கள் வசதி. தலைவர் சொல்லைக் கேட்டு அண்டை வீட்டானை வெட்டியவனுக்குக் கிடைத்தது என்ன? வெட்டுண்டவனின் பிள்ளைக்குக் கிடைத்தது என்ன? கூரை கிடைத்ததா? நிலம் கிடைத்ததா? ஏழையின் இனப்பற்று, பெரிய மனிதரின் பேர மூலதனம். அவ்வளவே.

ஆயினும் அந்த மக்கள் வெறும் கண்ணீரோடு நின்றுவிடவில்லை. 2010-இல் பொது வாக்கெடுப்பு நடத்திப் புதிய அரசமைப்பைக் கண்டார்கள். 1964-இல் பறித்ததை வேறு வடிவில் மீட்டார்கள். நாடு 47 கவுண்டிகளாகப் பிரிந்தது. ஒவ்வொன்றுக்கும் மக்கள் தேர்ந்தெடுக்கும் ஆளுநர், மன்றம். தேசிய வருவாயில் 15 விழுக்காட்டுக்குக் குறையாமல் கவுண்டிகளுக்குத் தந்தே தீர வேண்டும். பின்தங்கிய பகுதிகளுக்கெனத் தனியே சமன்பாட்டு நிதி. குடியரசுத் தலைவராக வர நினைப்பவர், பாதிக்கு மேல் வாக்குப் பெற்றால் மட்டும் போதாது. பாதிக்குக் குறையாத கவுண்டிகளில் நான்கில் ஒரு பங்கு வாக்கேனும் பெற வேண்டும். தன் இனத்தின் வாக்கை மட்டும் நம்பி அரியணை ஏற முடியாது. எந்த அரசு நிறுவனத்திலும் ஓர் இனத்தார் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கலாகாது என்று 2008-ஆம் ஆண்டுச் சட்டமும் சொல்கிறது. இதன் பலனைக் காண வடக்கே போக வேண்டும். விடுதலை பெற்று ஐம்பது ஆண்டு கழித்து, கவுண்டி அரசு வந்த பிறகுதான் மந்தேரா போன்ற நகரங்கள் தார்ச்சாலையைக் கண்டன.

குறையே இல்லையா என்றால், உண்டு. பல கவுண்டிகளில் அந்தந்தப் பெரிய இனமே வேலைகளை வளைத்துக்கொள்கிறது; சட்டம் மீறப்படுவதை அதற்கென அமைந்த ஆணையமே சுட்டியிருக்கிறது. நைரோபி தரவேண்டிய பணம் காலம் தாழ்ந்து வருகிறது என்ற புகாரும் ஓயவில்லை. பகிர்ந்த அதிகாரம் கடைசி மனிதன்வரை போக வேண்டும். நடுவில் நின்றுவிட்டால் பெரிய நாட்டாண்மைக்குப் பதில் சின்ன நாட்டாண்மை என்றாகிவிடும். இதற்கு மருந்து, பகிர்வை நிறுத்துவதன்று; மேலும் கீழே கொண்டுசெல்வதே.

"ஒரே மொழி இருந்தால் ஒற்றுமை வந்துவிடும், தான்சானியாவைப் பாருங்கள்" என்பாரும் உண்டு. பார்ப்போம். நூற்றுக்கு மேற்பட்ட இனங்கள் வாழும் அந்நாட்டை சுவாஹிலி இணைத்தது உண்மைதான். ஆனால் அந்த மொழி உள்நாட்டுப் பெரிய இனம் எதற்கும் தாய்மொழியன்று; எவனையும் உயர்த்தவுமில்லை, எவனையும் தாழ்த்தவுமில்லை. ஆட்சிக்கு வந்த ஜூலியஸ் நைரேரே, சனாக்கி என்ற சின்னஞ்சிறு இனத்தில் பிறந்தவர். பெரிய இனம் எதன் ஆதிக்கத்துக்கும் அவர் ஆட்சியில் இடமில்லை. அங்கும் அரசியல் கொடுமைகள் உண்டு. 2025 தேர்தலின்போது குருதி சிந்தியது. அது இனப்போரன்று. கென்யாவிலோ, அதே சுவாஹிலிதான் தேசிய மொழி. 2008-இல் வெட்டியவனும் வெட்டுண்டவனும் அந்த மொழியை அறிந்தவர்களே! நீதி இல்லாத இடத்தில் மொழி மட்டும் என்ன செய்யும்?

நம்பிக்கை தரும் செய்திகளும் உண்டு. மொசாம்பிக்கிலிருந்து வந்து தலைமுறை தலைமுறையாகத் தோட்டங்களில் உழைத்த, நாடற்றவராய்க் கிடந்த மக்கொண்டே மக்களை 2017-இல் தன் 43-ஆவது இனமாக ஏற்றது கென்யா. அதே ஆண்டில் இந்திய வழியினர் உள்ளிட்ட ஆசியர் 44-ஆவது இனமாயினர். 2024 ஜூனில் வரிச்சுமையை எதிர்த்துத் தெருவுக்கு வந்த இளைஞர், "எங்களுக்கு இனமில்லை" என்று முழங்கினர், துப்பாக்கிக்கும் அஞ்சவில்லை. அரசு அந்த மசோதாவைக் கைவிட்டது. விலைவாசி எல்லா இனத்தார் வயிற்றையும் ஒன்றாகத்தானே சுடுகிறது!

மாநிலங்களுக்கு அதிகாரம் வேண்டும் என்று நாம் கேட்கும்போதெல்லாம், நாடு சிதறிப்போகும் என்று பூச்சாண்டி காட்டுவோர், கென்யாவின் அறுபது ஆண்டுக் கணக்கைக் கூட்டிப் பார்க்கட்டும். சிதறடித்தது எது? குவித்த அதிகாரம். ஒட்டவைக்கத் தொடங்கியது எது? பகிர்ந்த அதிகாரம். பசித்தவனிடம் பக்கத்து இலையைக் காட்டி "நாமெல்லாம் ஒரே பந்தி" என்று சொல்வதில் பயனில்லை. அவன் இலையிலும் சோறு விழட்டும். ஒரே பந்தி என்பதை அவனே சொல்வான்.