உங்களுக்குத் தெரியுமா? பழைய கணினி ஏன் வலையமைப்பில் தென்படுவதில்லை?

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் எடுக்கப்பட்ட சூரியப் படங்கள் டிஜிட்டல் வடிவம் பெற்றபோது, ‘ஃபிட்ஸ்’ என்னும் கோப்பு வடிவில் சேமிக்கப்பட்டன. 1981இல் வரையறுக்கப்பட்ட இவ்வடிவம், பழைய கோப்பு என்றும் திறக்கப்பட வேண்டும் என்ற நெறியைக் கைவிடாதது. வீட்டு வலையமைப்பில் இந்த உறுதி இல்லை. விண்டோஸ் எக்ஸ்பி, கோப்புப் பகிர்வுக்கு எஸ்எம்பி-1 என்னும் நெறிமுறையை, அதாவது கணினிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் மொழியின் முதல் பதிப்பை, மட்டுமே அறியும். அந்நெறிமுறையிலிருந்த ஓட்டை வழியே 2017 மே மாதம் வானாகிரை என்னும் தீநிரல் உலகெங்கும் பரவியது. அவ்வாண்டு அக்டோபர் முதல் விண்டோஸ் 10 பதிப்புகளிலிருந்து எஸ்எம்பி-1 படிப்படியாக விலக்கப்பட்டதால், இணைப்பும் கடவுச்சொல்லும் சரியாக இருந்தும் பழைய எக்ஸ்பி கணினியும் புதிய கணினியும் இணைய மறுக்கின்றன. எஸ்எம்பி-1ஐ மீண்டும் இயக்குவது ஆபத்தானது; பழைய கோப்புகளைப் பென்டிரைவில் ஒருமுறை நகலெடுத்துவிடுவதே தக்கது.