வளைந்த பலகையும் வட்ட அரமும்

ஹற்றனுக்குச் செல்லும் புகையிரதம் வட்டவளையைக் கடந்து றொசல்லவை நெருங்குகையில், தேயிலை மலைகளின் விளிம்பிலே உயர்ந்து நிற்கும் யூக்கலிப்டஸ் மரங்களை நேயர்கள் பலரும் கண்டிருப்பீர்கள். அத்தகைய மரமொன்று பலகையாவதைக் காணும் வாய்ப்பு அண்மையில் எமக்குக் கிட்டியது.

லயத்தின் பின்புறத்தே தடி கிடந்தது. தோட்ட நிர்வாகத்தின் அனுமதியோடு பெற்ற ஒரே தடி. கூரைக்கு வேண்டிய பலகையெல்லாம் அதிலிருந்தே தேறவேண்டும். பெருமழை தொடங்குமுன் வேலையும் முடியவேண்டும். இலங்கையிலேயே மழை மிகுந்த இடங்களுள் வட்டவளைப் பகுதியும் ஒன்றல்லவா? ஆனால் முதல்நாள் அறுத்த பலகையோ, ஒரு முனையில் இரண்டு அங்குலமும் மறுமுனையில் ஒன்றேகால் அங்குலமுமாகக் கோணிக் கிடந்தது. இன்னும் இரண்டு இவ்வாறு கெட்டால் கூரைக்கு மரம் போதாது.

அறுத்த இளைஞர் மரத்தைப் பழித்தார். அவர் பாட்டனாரோ மரத்தைப் பார்க்கவேயில்லை. குழி வெட்டி, மேலே ஒருவரும் கீழே ஒருவருமாக நின்று வாளிழுத்த காலத்து மனிதர் அவர். 'செயின் சோ' எனப் பலரும் அழைக்கும் சங்கிலிவாளைத் திருப்பி, பற்களின்மீது கண்ணை ஓட்டினார்.

"வலப்பக்கத்துப் பல்லெல்லாம் குட்டையா இருக்கே, ஆணியில பட்டுச்சா தம்பி?" என்றார்.

பட்டதுதான். முன்னொரு நாள் பழைய வேலிமரம் ஒன்றை அறுத்தபோது ஆணி மோதி, ஒரு பக்கத்துப் பற்கள் மழுங்கின. இளைஞர் அந்தப் பக்கத்தை மட்டும் நன்றாக அராவி, மறுபக்கத்தைத் தொடாது விட்டுவிட்டார். சங்கிலியில் பற்கள் இடமும் வலமுமாக மாறிமாறி அமைந்தவை. ஒரு பக்கம் நீண்டும் மறுபக்கம் குறுகியும் இருந்தால், நீண்ட பக்கம் மரத்தை மிகுதியாகக் கடிக்கும். வாள் அப்பக்கமே இழுத்துச் செல்லும். கரிநூல் பிடித்து இட்ட கோடு ஒரு திசை, வாள் சென்றது வேறு திசை!

பரிகாரம் எளியது, பொறுமைதான் வேண்டும். இயந்திரத்தை நிறுத்தி, கையுறை அணிந்து, மிகக் குட்டையான பல்லைத் தேடிப் பிடித்தார்கள். மற்றெல்லாப் பற்களையும் அதன் நீளத்துக்கே கொண்டுவரவேண்டும். வட்ட அரத்தைப் பல்லின் உட்புறத்திலிருந்து வெளிப்புறமாகத் தள்ளவேண்டும். திரும்ப இழுக்கையில் தூக்கிவிடவேண்டும். முன்னும் பின்னும் தேய்த்தால் அரம்தான் மழுங்கும். அரத்தின் பருமனில் ஐந்திலொரு பங்கு பல்லின் மேற்தகட்டுக்கு மேலே தெரியும்படி பிடிப்பது வழக்கம். சங்கிலியின் அளவுக்கேற்ற அரமும் வேண்டும், 4, 4.8, 5.5 மில்லிமீற்றர் எனப் பல பருமன்கள் உண்டு.

மரத்தைக் குறுக்கே துண்டாக்கும் சங்கிலியின் பற்களை ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் தீட்டுவர். பலகைக்கு நெடுக அறுப்பதற்கோ 10 பாகையே போதும். குறுக்கே செல்லும் பல் நாரை வெட்டவேண்டும். நெடுக அறுக்கும் பல் உளிபோல நேராகச் சீவவேண்டும். சாய்வைக் குறைத்தால் வேகம் சற்றுக் குறையும். ஆனால் பலகையின் முகம் மழமழப்பாக வரும்.

இந்தப் பல் பிறந்த கதையும் சுவையானது. 1946-இல் அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்து மரவெட்டி ஜோசப் காக்ஸ், மரத்தைக் குடையும் வண்டின் புழுவொன்றைக் கண்டார். அது தன் இரு தாடைகளாலும் இடமும் வலமும் மாறிமாறிக் கடித்து, மரத்தின் நெடுக்கிலும் குறுக்கிலும் தடையின்றிச் சென்றது. அதைப் பின்பற்றி அவர் செய்த சங்கிலியின் வழிவந்ததே இன்றைய சங்கிலி.

ஒவ்வொரு பல்லின் முன்னும் சிறு மேடொன்று உண்டு. பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை அதுவே கட்டுப்படுத்துகிறது. பல் தேயத்தேய அதையும் தட்டை அரத்தால் தாழ்த்தவேண்டும். பல சங்கிலிகளுக்கு இடைவெளி 0.65 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். வேகத்துக்கு ஆசைப்பட்டு மேலும் தாழ்த்துவோர் உளர். அது விபரீதம்: வாள் துள்ளி ஆளையே தாக்கக்கூடும்.

தூள் பறந்தால் வாள் மழுங்கிவிட்டது எனப் பொதுவாகச் சொல்வார்கள். குறுக்கறுப்புக்கு அது சரி. பலகை அறுக்கையில், நிறுத்திப் பிடித்த கூரிய வாளும் தூளைத்தான் தரும். ஆகவே தூளை நம்பாது கையை நம்பவேண்டும்: அழுத்தித் தள்ளவேண்டியிருந்தாலோ புகை எழுந்தாலோ அரத்தை எடுக்கும் நேரம் வந்துவிட்டது.

பெரியவர் சங்கிலி ஓடும் 'பார்' தகட்டையும் கழற்றி, காடியில் அடைந்திருந்த தூளைச் சுரண்டி, எண்ணெய்த் துளையைக் குத்திச் சுத்தமாக்கினார். ஒரே ஓரம் தேயாதிருக்கத் தலைகீழாகத் திருப்பிப் பூட்டினார். தடியின் சேறு படிந்த பட்டையை உரிக்கச் செய்தார். சேற்றிலுள்ள மணல், பல்லின் கூரைச் சில நொடிகளில் தின்றுவிடும். பின்பு தடியின் வெட்டுமுகத்தைக் கூர்ந்து நோக்கினார். யூக்கலிப்டஸில் இரும்பு புதைந்திருந்தால் அதைச் சுற்றிக் கருநீலக் கறை படருமாம். கறை ஏதுமில்லை.

அறுப்புத் தொடங்கியது. இம்மரத்தின் உள்விசை வெட்டை மூடி வாளை இறுக்கிப் பிடிப்பதுண்டு. ஆதலால் பின்னாலேயே மரஆப்புகளை அடித்துக்கொண்டு சென்றார்கள். பலகை பிரிந்ததும் பெரியவர் இரு முனைகளையும் அங்குலக்கோலால் அளந்தார், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கோட்டுக்குக் கரிநூலை எடுத்துப் பேரனிடம் நீட்டினார்.