கொத்தும் குஞ்சும் கொத்துப்படும் குஞ்சும்

கோழியினங்களை வளர்ப்போர் என்றேனும் ஒரு நாள் சந்திக்கும் தொல்லை ஒன்றைப் பற்றி இன்று பேச விழைகிறேன். ஒரே நாளில் பொரித்து, ஒரே கூண்டில் வளர்ந்த குஞ்சுகளுள் ஒன்றை மற்றவை துரத்தித் துரத்திக் கொத்துகின்றன. அந்தக் குஞ்சு தீனித் தட்டை அணுக அஞ்சி மூலையில் ஒடுங்குகிறது. முதுகில் இறகு உதிர்கிறது. கவனியாது விட்டால் சில நாட்களில் மடிந்தும் போகிறது. ஓய்வு பெற்றபின் கின்னிக்கோழி வளர்க்கத் தொடங்கிய நான் இதனை அருகிருந்து கண்டவன்.

கின்னிக்கோழி ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. கூட்டமாய்த் திரிந்து, கூட்டமாய் இரை தேடி, கூட்டமாய் மரமேறி உறங்குவது அதன் இயல்பு. தனித்து வாழ அதற்குத் தெரியாது. ஆகவே கூட்டம் ஒதுக்கிய குஞ்சின் துன்பம் பெரிது.

கொத்துதல் யாவும் கொடுமை அன்று என்பதை முதலில் அறிதல் வேண்டும். நார்வே நாட்டு அறிஞர் தோர்லீஃப் ஷெல்டெரூப்-எப்பே என்பவர் வீட்டுக் கோழிகளைக் கூர்ந்து நோக்கி, அவற்றுள் ஒரு வரிசை உண்டென்று 1922-இல் எழுதினார். முதற்கோழி எல்லாவற்றையும் கொத்தலாம். கடைக்கோழி எதனையும் கொத்த இயலாது. வரிசை அமைந்துவிட்டால் சண்டை குறைந்து அமைதி நிலவும். கின்னிக்கோழிக் கூட்டத்திலும் இத்தகைய ஏற்றத்தாழ்வைக் காணலாம். ஒரு குஞ்சு கொத்த, மற்றது விலகிக்கொள்ள, கொத்தியது தன் வேலையைப் பார்க்கப் போனால் அது வரிசை; நாம் தலையிட வேண்டா. விலகிய பின்னும் விடாது துரத்தினால், பிறவும் உடன் சேர்ந்தால், குருதி கசிந்தால், அது கொடுமை. அன்றே தலையிட வேண்டும்.

தலையிடுவதாயின் குஞ்சுகளைக் குறை கூறுமுன் கூண்டைச் சோதித்தல் முறை. இடம் போதுமா? முதல் நான்கு வாரம் குஞ்சு ஒன்றுக்கு அரைச் சதுர அடியேனும் வேண்டும். வளர வளர இடமும் வளர வேண்டும். சூடு மிகுந்துள்ளதா? முதல் வாரத்தில் 95 பாரன்ஹீட் பாகை அளவு வெப்பம் தந்து, பின்னர் வாரந்தோறும் 5 பாகை குறைப்பது வழக்கம். குறைக்க மறந்தால் குஞ்சுகள் எரிச்சலுற்றுக் கொத்தத் தொடங்கும். விளக்கொளி கண்ணைப் பறிக்கிறதா? மங்கிய செந்நிற விளக்காயின் குருதியின் நிறம் எளிதில் தோன்றாது. தீனியில் புரதம் குறைவா? கின்னிக்குஞ்சுக்குக் கோழிக்குஞ்சைவிட மிகுதியான புரதம் தேவை. தீனித் தட்டு ஒன்றே ஒன்றா? அப்படியாயின் வலிய குஞ்சு அதன் முன் காவல் நின்றுவிடும். எட்ட எட்டப் பல தட்டுகள் வைத்தால் ஒரு குஞ்சு அனைத்தையும் காவல் காக்க இயலாது. ஒரு கட்டுக் கீரையைக் கயிற்றில் தொங்கவிட்டால் சும்மா இருக்கும் அலகுகளுக்கு வேலை கிடைக்கும். மறைந்துகொள்ள இலைக்கொத்தும், ஏறி அமரக் குறுக்குக் கழியும் எளியதற்குப் புகலிடம்.

இவையெல்லாம் செய்த பின்னும் கொடுமை நீடித்தால் ஒன்றைப் பிரித்தே ஆக வேண்டும். எதனைப் பிரிப்பது? இங்கேதான் பெரும்பாலோர் வழி தவறுகின்றனர். அடிபட்ட குஞ்சின்மீது இரக்கங்கொண்டு அதனை எடுத்து வேறிடத்தில் வைக்கின்றனர். காயம் ஆறித் திரும்பும்போது கூட்டம் அதனை அயலாகக் கருதி முன்னிலும் கடுமையாகத் தாக்குகிறது. கொத்திய குஞ்சோ தன் இடத்திலேயே இருந்து, அடுத்த எளியதைத் தேடிக்கொள்கிறது.

என்னிடம் ஆறு வாரக் குஞ்சுகள் பதினான்கு இருந்தபோது, அவற்றுள் ஒன்று சிறியது ஒன்றைத் தின்னவிடாது விரட்டிற்று. நான் விரட்டியதையே பிடித்து, கூட்டத்தின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத வேறொரு கூண்டில், தீனியும் நீரும் குறைவின்றி வைத்து, ஐந்து நாள் விட்டேன். அதற்குள் எஞ்சிய பதின்மூன்றும் தமக்குள் புதிய வரிசை வகுத்துக்கொண்டன. சிறியதும் தட்டருகே வந்தது. ஆறாம் நாள் திரும்பிய குஞ்சு புதிதாய் வந்ததன் நிலையில் நின்றது. பழைய அதிகாரம் அதற்கு மீளவில்லை. சில குஞ்சுகளுக்கு இதனை இருமுறை செய்ய நேரலாம்.

குருதி கசியும் குஞ்சை மட்டும் காயம் உலரும்வரை பிரித்தாக வேண்டும். அப்போதும் அதே கூண்டினுள் கம்பிவலைத் தடுப்புக்கு அப்பால், கூட்டம் காணும்படி வைத்தல் நலம். முகம் மறவாதிருந்தால் இடமும் மறவாதிருக்கும்.

பள்ளியிலும் இதுவே நடக்கக் காண்கிறோம். அடிவாங்கும் சிறுவனை வேறு பெஞ்சுக்கு, வேறு வகுப்புக்கு, சில வேளை வேறு பள்ளிக்கே மாற்றுகிறோம். அவன் சொன்ன பேச்சைக் கேட்பான். அவனை நகர்த்துதல் நமக்கு எளிது. ஆனால் அவன் இழப்பது தன் இடத்தை. கற்பது, தவறு தன்னுடையதே என்பதை. பிள்ளைகள் பறவைகள் அல்லர். அடிப்பவனையும் அழைத்து அமர்த்தி, அவன் மனத்தில் உள்ளதைக் கேட்டறியும் கடமை ஆசிரியருக்கு உண்டு. எனினும் முதலில் நகர வேண்டியவன் யார் என்பதில் ஐயம் வேண்டா. எளியவன் இருந்த இடத்திலேயே அச்சமின்றி இருக்கச் செய்வதுதான் காவல்.